10,000 அடி கணக்குப் பற்றி ஒரு திருத்தம்

அண்ணை, ‘ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்காவிட்டால் நடந்தும் பிரயோசனமில்லை’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. அந்த எண் மருத்துவர்கள் சொன்னதல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் அடிமானி ஒன்றுக்கு ‘மன்போ கெய்’ என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். விளம்பரப் பெயர், பிறகு விதியாகிவிட்டது.

2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சராசரி 72 வயதுப் பெண்களில் நாளுக்கு 4,400 அடி அளவில் நடந்தவர்களுக்கே, 2,700 அடியோடு நின்றவர்களைவிட இறப்பு வீதம் குறைவு. 7,500 அளவுக்குப் பிறகு பலன் கூடவில்லை. இளம் ஆட்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம், சரி.

ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், என் அம்மா இப்படியொரு செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, பின்னேரம் நல்லூர்க் கோயில் வீதியைச் சுற்றுவதையே விட்டுவிட்டா. போனில் 3,800 காட்டியதாம். ‘உது காணாது’ என்று செருப்பைக் கழற்றிவிட்டு நாடகம் பார்க்க இருந்துவிட்டா.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் 2020 வழிகாட்டலில் இல்லை. ஒழுங்கை முனைக் கடைக்கு ஸ்கூட்டியை எடுக்காமல் விறுவிறென்று நடந்து போய்வந்தால் அதுவும் சேரும்.