கவட்டைத் தையலும் மூன்று மாதத் தடையும்

சூட்டில் நடந்த தில்லுமுல்லுக்காக நார்வேயின் ஸ்கீ ஜம்பிங் வீரர்கள் லின்ட்விக், ஃபோர்ஃபாங் இருவருக்கும் மூன்று மாதத் தடை என்ற செய்தியை 2025 ஆகஸ்டில் பகிர்ந்தபோது நான் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன். வந்த பதில்களில் பாதி இந்த ரகம்: "ஒரு நூலைத் தைத்ததற்கா இவ்வளவு கூப்பாடு? ஊசியா போட்டுக்கொண்டார்கள்?" ஒவ்வொருவருக்கும் கமெண்டில் பதில் சொல்லி மாளாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஸ்கீ ஜம்பிங் என்பது காலில் நீளமான ஸ்கீ பலகைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி வந்து, எம்பி, காற்றில் தூரம் பறக்கிற விளையாட்டு. அதில் சூட் என்பது குளிருக்குப் போடுகிற உடுப்பு இல்லை. அதுதான் இறக்கை. பெரிய தளத்தில் வீரர் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வந்து எம்புகிறார். எம்பியதும் ஸ்கீ இரண்டும் முன்பக்கம் விரிகின்றன, கூடவே கால்களும். விரிந்த கால்களுக்கு நடுவில் இருப்பது கவட்டைத் துணி. அது உடம்போடு ஒட்டி மேலே நின்றால் அந்த இடைவெளி வழியாகக் காற்று போய்விடும். கொஞ்சம் கீழே இறங்கி விறைப்பாக நின்றால், வௌவாலின் சவ்வு மாதிரி காற்றைப் பிடித்து ஆளைத் தாங்கும். இதற்காகத்தான் கவட்டையின் உயரத்தைத் தனியாக அளக்கிறார்கள். சூட் துணி வழியாக ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்குக் குறைந்தது 40 லிட்டர் காற்று கசிய வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான். ஸ்கீயின் நீளமும் அப்படியே: வீரரின் உயரத்தில் 145 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஆள் எடை குறைந்தால் ஸ்கீயும் குட்டையாக வேண்டும். இப்படி அளந்து தேறிய சூட்டில் சிப் வைப்பார்கள். அதற்கப்புறம் அதில் கை வைக்கக்கூடாது.

நார்வே அணி கை வைத்த இடம் அந்தக் கவட்டை. 2025 மார்ச் 8, நார்வேயின் ட்ரொன்ட்ஹெய்ம் நகரம், உலக சாம்பியன்ஷிப், பெரிய தளப் போட்டி. சிப் வைத்து அனுமதி வாங்கிய சூட்டின் தையலுக்குள் விறைப்பான நூல் ஒன்றை ஓட்டியிருந்தார்கள். பயிற்சியாளர் கூடவே இருக்க, தையல் வேலை நடந்ததை யாரோ திரைக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோ வெளியே வந்தது. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, போலந்து மூன்றும் புகார் கொடுத்தன. சூட்டை வெளியிலிருந்து பார்த்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. தையலைப் பிரித்த பிறகுதான் நூல் கிடைத்தது. லின்ட்விக், ஃபோர்ஃபாங் இருவரும் அந்தப் போட்டியிலிருந்து தகுதி நீக்கம்.

இந்தப் பதிவுகளைப் படிக்கும் தையல்காரர் ஒருவர் கமெண்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "இழுபடுற துணியில இழுபடாத நூலைப் போட்டா, அப்புறம் துணி நம்ம சொல்றதைக் கேக்காது சார், நூல் சொல்றதைத்தான் கேக்கும்." நான் ரெண்டு பத்தியில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். உடம்போடு மேலே ஏற வேண்டிய துணியை, நூல் கீழேயே பிடித்து வைக்கிறது.

"அதனால் என்ன, ஒரு மீட்டர் கூடக் கிடைத்திருக்குமா?" என்று கேட்டவருக்குக் கணக்கு சொல்கிறேன். ட்ரொன்ட்ஹெய்ம் பெரிய தளத்தின் கே-புள்ளி, அதாவது தூரத்துக்கான புள்ளிகளைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் கோடு, 123 மீட்டர். அங்கே இறங்கினால் 60 புள்ளி. அதைத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8. அப்படியானால் இரண்டு மீட்டருக்கு 3.6. இதே 3.6-ஐ ஸ்டைலில் சம்பாதிக்க வேண்டுமானால்? ஐந்து நடுவர்கள், ஆளுக்கு 20 மார்க் வரை, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கழித்துவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். அந்த மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மார்க்குக்கு மேல் கூடுதலாகப் போட வேண்டும். முன்னணி வீரர்களுக்குள் நடுவர் மார்க் அரை அரையாகத்தான் வித்தியாசப்படும். வருடக்கணக்காகப் பழகிய இறக்கத்தை, ஒரு ஓட்டல் அறையில் தைத்த நூல் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அது துணி இல்லை, இறக்கை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

"எல்லா அணியும்தான் செய்கிறது." இருக்கலாம். பிடிபட்டவனை விட்டுவிட அது காரணமாகாது.

"ஒளிந்திருந்து வீடியோ எடுத்தது நியாயமா?" அந்த வீடியோ இல்லையென்றால் அந்தத் தையலைப் பிரித்தே இருக்க மாட்டார்கள். என் பதில் அவ்வளவுதான்.

"வீரர்களுக்கு என்ன தெரியும், பாவம்." இது ஒன்றுக்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தெரியாது என்பதை இந்த விளையாட்டை நடத்தும் சர்வதேச ஸ்கீ சம்மேளனமான ஃபிஸ் அமைப்பே ஏற்றுக்கொண்டது. கேட்டிருக்க வேண்டும், கேட்காதது குற்றம் என்றுதான் தண்டித்தது. சரி, ஏற்றுக்கொள்கிறேன். மார்ச் மாதம் சீசனின் கடைசிப் போட்டிகளில் அவர்களை உட்கார வைத்ததும் உண்மை. ஆனால் இந்த மூன்று மாதம் 2025 நவம்பரில் அடுத்த குளிர்கால சீசன் தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது. அதே ட்ரொன்ட்ஹெய்மில் சிறிய தளத்தில் லின்ட்விக் வாங்கிய தங்கமும் அவரிடமே இருக்கிறது. அந்த நாளின் சூட்டில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதால். சட்டப்படி அது சரிதான். அன்று வெள்ளி வாங்கிய ஜெர்மனியின் வெல்லிங்கருக்கு இரவில் தூக்கம் வருமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

தெரியாமல் நடந்தது என்று பரிதாபப்படுகிறவர்களிடம் கேட்கிறேன். 2022 பிப்ரவரி 7 நினைவிருக்கிறதா? பெய்ஜிங் ஒலிம்பிக், கலப்பு அணிப் போட்டி. சூட் விதிப்படி இல்லை என்று ஒரே இரவில் ஐந்து பெண்கள் தகுதி நீக்கம்: ஜப்பானின் சாரா தகனாஷி, ஆஸ்திரியாவின் இராஷ்கோ-ஸ்டோல்ட்ஸ், ஜெர்மனியின் அல்ட்ஹவுஸ், நார்வேயின் ஓப்செத், ஸ்ட்ரோம். தகனாஷி 103 மீட்டர் தாண்டியிருந்தார். தொடையில் சூட் 2 சென்டிமீட்டர் பெரிது என்றார்கள். அந்தத் தாண்டல் கணக்கிலேயே வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே இரண்டாவது சுற்றில் மறுபடி ஏறித் தாண்டினார். ஜப்பான் நான்காவது. அதன் பிறகு இன்ஸ்டாகிராமில் கறுப்புப் படம் ஒன்றைப் போட்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். உலகக் கோப்பையில் மற்ற எந்தப் பெண்ணையும்விட அதிகமாக வென்றவர் அவர். அவர் மன்னிப்புக் கேட்டார்!

அன்று யாரும் "இரண்டு சென்டி துணிக்கு இவ்வளவு கூப்பாடா" என்று கேட்கவில்லை. விதி என்றால் விதி என்றீர்கள். என் பழைய பதிவின் கீழே அந்தக் கமெண்டுகள் இன்றும் இருக்கின்றன, சிலருடைய பெயர்கள்கூட அதே பெயர்கள். அளவு தவறிப் போன பெண்ணுக்கு விதி, திட்டம் போட்டுத் தைத்த அணிக்கு இரக்கம். இதுதான் எனக்கு வலிக்கிறது. நார்வே மேல் எனக்குக் கோபம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெய்ஜிங்கில் வெளியேற்றப்பட்ட ஐவரில் இருவர் நார்வேக்காரர்கள். அவர்களுக்காகவும்தான் அன்று எழுதினேன்.

இன்னொருவர், "இப்படி கெடுபிடி பண்ணினால் விளையாட்டே செத்துவிடும், யாரும் தூரம் போக மாட்டார்கள்" என்கிறார். ட்ரொன்ட்ஹெய்முக்குப் பிறகு அந்த சீசனின் மீதிக்கு ஆளுக்கு ஒரே சூட், போட்டி முடிந்ததும் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தக் கெடுபிடிக்கு நடுவில்தான் மார்ச் 14-ல் நார்வேயின் விக்கர்சுண்டில் ஸ்லோவேனியாவின் நிகா ப்ரெவ்ட்ஸ் 236 மீட்டர் பறந்து பெண்கள் உலக சாதனை படைத்தார். மார்ச் 30-ல் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில் அவருடைய அண்ணன் டொமென் 254.5 மீட்டர். மனிதர் எவரும் ஸ்கீயில் அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த டொமென்தான் மார்ச் 8-ல் ட்ரொன்ட்ஹெய்மில் தங்கம் வென்றவர்.

அன்று அவருக்கு அடுத்தபடியாகப் பட்டியலில் நின்றது லின்ட்விக். பிறகு ஆஸ்திரியாவின் யான் ஹோர்ல், பிறகு ஜப்பானின் ரியோயு கோபயாஷி. பெய்ஜிங்கில் பெரிய தளத் தங்கத்தை இதே லின்ட்விக்கிடம் இழந்து வெள்ளி வாங்கியவர் கோபயாஷி. ட்ரொன்ட்ஹெய்மில் கடைசித் தாண்டல் முடிந்தபோது அவர் நான்காவது. யாரோ ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கவட்டைத் தையலைப் பிரித்ததால்தான் வெண்கலம் அவருக்குப் போனது. பிரிக்காமல் விட்டிருந்தால் அவர் இன்றும் நான்காவதுதான்.