எனக்காக அம்மா போட்ட 72 பேர்

ஒரு வருட கம்பனி ட்ரெய்னிங் முடிந்து கம்பஸுக்குத் திரும்பி வந்துவிட்டேன். எல்லோரையும் போல கழுத்தில் அடையாள அட்டையோடு அலுவலக வாசலில் நின்று ஒரு படம் எடுத்து, "மறக்க முடியாத அனுபவம், நன்றி" என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். படமும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வருடத்தின் கணக்கை எழுதாமல் படத்தை மட்டும் போட மனம் வரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொகவந்தலாவப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. முகாமைத்துவம் படிக்கிறேன், அதில் ஒரு வருடப் பயிற்சி கட்டாயம். எனக்குக் கிடைத்தது தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனியின் கொழும்புத் தலைமை அலுவலகம். பெயர் வேண்டாம். 2024 ஒக்டோபரில் போனேன், 2025 செப்டெம்பரில் முடிந்தது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டது, "அப்ப தொரைமாருக்கெல்லாம் மேலயா ஒக்காருவ?" தோட்டத்து மேனேஜரைத்தான் தொரை என்போம். மேலேதான் அம்மா, ஆறாவது மாடி.

போன முதல் நாள் விரல் அடையாளம் வைக்கும் மெஷினைப் பற்றிச் சொன்னேன். "அங்கயும் பேரு போடுவாங்களா?" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அம்மாவின் தோட்டத்தில் அந்த அளவு 18 கிலோ. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், அட்டைக்கடி வாங்கி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையில் ஏறி இறங்கி, பின்னேரம் மடுவத்தில் நிறுக்கும்போது 15 கிலோ என்றால் அந்த நாளில் பாதி காணாமல் போய்விடும். சின்ன வயதிலிருந்தே வீட்டில் அதிகம் கேட்ட சொல் அரைப்பேர்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தே இன்றைக்கு முழுசா அரையா என்று சொல்லிவிடுவோம்.

முதல் மூன்று மாதம் போட்டோகொப்பி, ஃபைலுக்கு லேபல் ஒட்டுவது, மீட்டிங் அறையில் தண்ணீர்ப் போத்தல் வைப்பது. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ட்ரெய்னிகளுக்கும் அதே கதைதான். அப்புறம் தோட்டங்களிலிருந்து வரும் செக்ரோல், அதாவது பேர் போடும் பதிவேட்டின், சுருக்கங்களை எக்செலில் ஏற்றும் வேலை வந்தது. திறந்து பார்த்தால் ஒரு பத்தி முழுக்க 1, 1, 1, இடையிடையே 0.5. என்ன அது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. பக்கத்து மேசையில் இருந்த மற்ற ட்ரெய்னிதான், நல்ல பையன், கொழும்புப் பிள்ளை, "இந்த அரை என்ன, அரை நாள் லீவா?" என்று கேட்டான். அவனுக்கு விளக்கப் போய் பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நல்லவேளை எங்கள் தோட்டம் வேறு கம்பனி, அம்மாவின் வரி அந்தத் தாளில் வராது.

பெப்ரவரிக் கணக்கில் 0.5 திடீரென்று கூடியிருந்தது. மேலதிகாரி தோட்டவாரியாக ஒரு கிராஃப் கேட்டார். வெயில் காலத்தில் செடியில் கொழுந்தே இருக்காது, இல்லாத கொழுந்தை எப்படி 18 கிலோ எடுப்பது? அதனால் நானாகவே மழை பெய்த நாட்களுக்கு ஒரு பத்தி சேர்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பார்த்தார், நல்லாயிருக்கு என்றார், இந்த ரிப்போர்ட்டுக்கு இது தேவையில்லை என்றார். எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வருடக் கடைசியில் மதிப்பீட்டுப் படிவத்தில் கையொப்பம் வைக்கப் போகிறவர் அவர்தான் என்பது அந்த நேரத்தில் நன்றாக ஞாபகம் இருந்தது.

இப்போது காசுக் கதைக்கு வருகிறேன். எனக்கு அலவன்ஸ் மாதம் 18,000 ரூபா. வெள்ளவத்தையில் மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் 12,000. மத்தியானப் பார்சல் 350 என்று 22 நாளுக்குப் போட்டுப் பாருங்கள், 7,700. அங்கேயே 1,700 துண்டு விழுகிறது. இன்னும் இராச்சாப்பாடு இல்லை, பஸ் இல்லை, போன் கார்ட் இல்லை, "ஆபீஸுக்கு ஏற்ற உடுப்பு" இல்லை. மாதம் 8,000 அம்மா அனுப்பினார். தோட்டச் சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் ஒரு நாளுக்கு 1,350 ரூபா ஆனது. இ.பி.எப். என்ற சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிக்காமல் பார்த்தாலே 8,000 என்றால் ஆறு பேர். பன்னிரண்டு மாதத்துக்கு 72 பேர். ஒரு கம்பனி தன் எக்செல் வேலையைச் செய்துகொள்வதற்கு, எங்கோ இன்னொரு கம்பனியின் மலையில் அம்மா 72 நாள் கொழுந்து எடுத்திருக்கிறார்.

இதை எழுதினால் "ட்ரெய்னிங் என்றால் கற்றுக்கொள்ளத்தானே, சம்பளத்துக்கா போனாய்?" என்று கட்டாயம் யாராவது வருவார்கள். 2025 ஏப்ரல் முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 17,500இலிருந்து 27,000 ஆனபோது நானும் எச்.ஆரில் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் ஊழியர் இல்லையே, ட்ரெய்னிதானே என்றார்கள். சரி, ட்ரெய்னிதான். ஆனால் மாதக் கடைசியில் இரவு எட்டு மணிவரை உட்காரவைக்கும்போது மட்டும் "நாமெல்லாம் ஒரே டீம்" ஆகிவிடுகிறோம். வேலைக்கு முழுப்பேர், காசுக்கு அரைப்பேர்.

கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். போனை எடுத்து சிங்களத்தில் பயமில்லாமல் பேசக் கற்றுக்கொண்டேன். பிவட் டேபிள் கனவிலும் போடுவேன். செவ்வாய், புதன் கொழும்புத் தேயிலை ஏலம் நடக்கும் நாட்களில் ஆபீஸே மூச்சு விடாது. 1883இல் தொடங்கிய ஏலம், 2020இல் கொரோனா நேரத்தில் இணையத்துக்கு மாறிவிட்டது, அதனால் எல்லாம் திரையில்தான். புரோக்கர்களின் வாராந்த அறிக்கையை வாசிக்க இப்போது எனக்குத் தெரியும். "விலை விழுந்துபோச்சு" என்று இனி யாராவது தோட்டத்தில் வந்து சொன்னால் எந்த வாரம், எந்த கிரேட் என்று கேட்பேன். இந்த ஒன்றுக்காகவே போனது வீண் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒருமுறை தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். தொரை பங்களாவில் மத்தியானச் சாப்பாடு. என் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற மாதிரியான ஒரு பங்களா, நான் உள்ளே மேசையில். பரிமாற வந்த அப்பு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எந்தத் தோட்டம்மா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ. ஆபீஸில் யாராவது ஊர் கேட்டால் நுவரெலியா என்றுதான் சொல்வேன், அவர்களும் ஏப்ரல் சீசனுக்கு வந்த கதை சொல்லுவார்கள். அப்புவிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொன்னேன். தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்துவிட்டுப் போனார்.

என் கருத்து இதுதான்: ஒரு வருடத்தைக் கட்டாயம் என்று ஆக்கினால், அந்த வருடத்தில் சாப்பிடவும் படுக்கவும் போதுமான காசைக் கம்பனி கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்காத கம்பனிக்குப் பல்கலைக்கழகம் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. கொழும்பில் வீடு உள்ளவருக்கு 18,000 கைச்செலவு, அதை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு அது கடன். என்னோடு படித்த ஒரு தோழி நல்ல கம்பனி கிடைத்தும் போடிங் காசை, அதாவது அறை வாடகையை, நினைத்து ஊருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கடைக் கணக்கை எழுதி வருடத்தை முடித்தாள். கெட்டிக்காரி, என்னைவிட. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. கொழுந்தும் ஃபெக்டரியும் செக்ரோலும் மலைநாட்டில், ட்ரெய்னிக்கு மேசை மட்டும் கொழும்பில். ஹட்டனில் ஒரு அறையும் இரண்டு கணினியும் போட்டால் அதே எக்செலை அங்கிருந்தே ஏற்றலாம், நான் செய்த வேலையில் முக்கால்வாசிக்கு ஆறாவது மாடி தேவைப்படவேயில்லை.

நேற்று மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி இன்பொக்ஸில் வந்தா. அடுத்த வாரம் கொழும்பில் நேர்முகமாம், என்ன உடுத்துவது, எங்கே தங்குவது என்றெல்லாம் கேட்டா. அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்டேன். தெரியாதாம், கேட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாம். எனக்கும் அதே பயம் இருந்தது, நானும் கேட்கவில்லை. ஆனால் என்னோடு அன்றைக்கு நேர்முகத்துக்கு வந்த கொழும்புப் பையன், அதே பக்கத்து மேசைக்காரன்தான், அவன் கேட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவனையும் எடுத்தார்கள். இதை அப்படியே அவவுக்கு எழுதி அனுப்பினேன், கூடவே வெள்ளவத்தை போடிங் அக்காவின் நம்பரையும்.