தசமப் புள்ளி வரை துணிச்சல்

டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் குளியலறையில் கிடக்கும் எங்கள் மின்னணுத் தராசு, காலையில் என் உடலில் 31.4 சதவீதம் கொழுப்பு என்றது. அன்று மாலையே 28.9 என்றது. அது கொழுப்பைத் தொடுவதே இல்லை என்பதுதான் வேடிக்கை: ஒரு பாதத்தில் ஏற்றிய மெல்லிய மாறுமின்னோட்டம் மறு பாதத்துக்கு வந்து சேர்வதற்குள் எவ்வளவு தடைபட்டது என்று பார்த்து, நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும் என்ற கணக்கில், நான் பதிந்த வயதையும் உயரத்தையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஊகத்தை வெளியிடுகிறது. மின்னோட்டம் பெரும்பாலும் கால்களோடு திரும்பிவிடுவதால், தீபாவளிப் பலகாரமெல்லாம் குடியேறியிருக்கும் என் வயிற்றை அது சரியாக விசாரிப்பதுமில்லை. உயரத்தை 5 சென்டிமீட்டர் கூட்டிப் பதிந்தேன். நின்ற இடத்திலேயே இளைத்துவிட்டேன். இந்த அழகில் தசமப் புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கம் காட்டுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.