தோட்டத்து வீடுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்

நகரங்களில்தான் குற்றம் மிகுதி, கிராமங்கள் அமைதியானவை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களைக் கொண்டு உங்கள் இதழில் கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவை பதிவான வழக்குகளின் எண்ணிக்கையே அன்றி, நடந்த குற்றங்களின் எண்ணிக்கை அல்ல.

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் சென்ற ஆண்டு கிணற்று மோட்டாரின் கேபிளை இரவோடு இரவாக வெட்டி, செம்புக் கம்பிக்காக மேலுறையை வாய்க்கால் மேட்டிலேயே எரித்துவிட்டுக் கம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். விடிந்து பார்த்தபோது கருகிய ரப்பர்தான் கிடந்தது. காவல் நிலையத்தில் மனுவுக்கு ரசீது கிடைத்தது, முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. அக்கம்பக்கத்தில் மேலும் நான்கு பேருக்கு இதே அனுபவம். இந்த இழப்புகள் எந்த அட்டவணையில் ஏறியிருக்கும்?

கொங்கு நாட்டில் பலர் ஊருக்குள் அல்லாமல், கூப்பிடு தொலைவில் ஒரு வீடும் இல்லாத தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீடுகளில், குடியிருக்கிறார்கள்; பிள்ளைகள் கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பண்ணையத்தைப் பார்த்துக்கொண்டு வயதான தாய் தந்தையர் மட்டுமே தங்குகிறார்கள். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூவரும், 2025இல் சிவகிரி அருகே முதிய தம்பதியரும் கொல்லப்பட்டது இப்படிப்பட்ட தனி வீடுகளில்தான். நகரத்தில் செல்பேசிப் பறிப்பும் இணைய மோசடியும் பெருகியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கூச்சலிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். இங்கே நாய் இரண்டு நாளாகக் குரைக்கவில்லை என்றாலே என் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை.