பொழுதுபோக்காம்!

முந்தாநாள் அந்த டர்ஹாம் குயில்ட் (இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதிப் பெண்கள் இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துக் கையால் தைத்த போர்வை) படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "அழகான கைவேலைதான், ஆனால் கலை என்று சொல்ல முடியுமா? வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்குதானே" என்று ஓர் அறிஞர் திருவாய் மலர, அதற்கு நாற்பது ஹார்ட்டின்.

டர்ஹாம் இருக்கும் வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்க ஊர்களில், அந்தக் காலத்தில் நிலக்கரிக் குழியில் புருஷன் செத்தாலோ முடமானாலோ அந்தப் பெண் குயில்ட் கிளப் தொடங்குவாள். அக்கம்பக்கத்தார் வாராவாரம் பணம் கட்டுவார்கள். யாருக்கு முதலில் குயில்ட் தைத்துக் கொடுப்பது என்பது குலுக்கலில். அந்தக் காசில்தான் துணி, பஞ்சு, நூல் எல்லாம் வாங்கவேண்டும், வீட்டு உலையும் கொதிக்கவேண்டும். இதுதான் ஐயா உங்கள் பொழுதுபோக்கு.

வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். இரண்டு நீளக் கட்டைகள், அவற்றை விலக்கிப் பிடிக்க இரண்டு தட்டைச் சட்டங்கள். அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் கட்டையில் பிணைத்துச் சுருட்டினால் கண்ணில் படுவது கொஞ்ச அகலம்தான். மிச்சமெல்லாம் மனசில் இருக்கவேண்டும். மேல்கை ஊசியைத் தள்ளும். கீழ்க்கை விரல்நுனி, ஊசி வந்ததா என்று தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பும். விரல் பொத்தலாகும், ரத்தம் சாட்டீனில், அதாவது அந்தப் பளபளப்பான பருத்தித் துணியில், பட்டால் கறை. விறைப்பாகக் கட்டினால் ஊசி சாயாது, தையல் நீண்டுவிடும். தொய்வாக விட்டால் துணி சுருங்கும். தையல் வரிகளுக்கு நடுவே இடம் அதிகம் விட்டால், துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டிகட்டியாகத் திரளும். பூவுக்கும் இறகுக்கும் நடுவே நெருக்கமாக ஓடும் அந்தச் சாய்சதுரக் கட்டங்கள் பார்க்க அலங்காரம், செய்வது பஞ்சுக்கு வேலி.

"பழைய அச்சுகள்தானே, காப்பிதானே?" துணிமேல் வைத்துச் சுற்றி வரையும் அட்டை அச்சு கொடுப்பது வெளிக்கோட்டை மட்டும். உள்ளே நிரப்புவது கைபோன போக்கு. ஓரத்துக் கயிற்றுப் பின்னல் மூலைக்கு வரும்போது அரைப் பின்னல் மிஞ்சி நிற்கும். மூலையில் தொடங்கி நடுவில் இழுத்துக் குறுக்கிச் சமாளிக்கலாம், இல்லையென்றால் மூலைக்கென்றே தனியாக ஒரு பூ யோசிக்கவேண்டும். எந்த அச்சில் இருக்கிறது அந்தப் பூ?

"வட இங்கிலாந்தின் ஆலன்ஹெட்ஸ் ஊர்த் துணிக்கடைக்காரர் ஜார்ஜ் கார்டினர்தானே துணியில் கோலத்தை வரைந்து கொடுத்தார்?" வரைந்தார். அவரிடம் கற்ற எலிசபெத் சாண்டர்சனும் நீலப் பென்சிலால் மேல்துணி முழுக்க வரைந்து விற்றே பிழைத்தார், பெண்களுக்குத் தொழிலும் சொல்லிக்கொடுத்தார். ஓர் ஆண்பெயர் அகப்பட்டதும் என்ன ஒரு நிம்மதி உங்களுக்கு!

கூலிக்குச் செய்ததாம், அதனால் கலை ஆகாதாம். சிஸ்டைன் தேவாலயக் கூரையை மைக்கலாஞ்சலோ என்ன இலவசமாகவா வரைந்தார்? விடுங்கள், அந்தக் கேள்விக்கு இதற்குமேல் மரியாதை தேவையில்லை.

1928-இல் ரூரல் இண்டஸ்ட்ரீஸ் பியூரோ என்ற கிராமத் தொழில் வளர்ச்சி அமைப்பு, தென் வேல்ஸிலும் டர்ஹாமிலும் இருந்த இந்தப் பெண்களின் வேலையை லண்டன் பணக்காரர்களுக்கு விற்க ஏற்பாடு செய்தது. லண்டனின் ஆடம்பர ஓட்டலான கிளாரிட்ஜஸ்கூட வாங்கிக் கட்டிலில் விரித்தது. ஓட்டல் பெயர் எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. தைத்தவள் பெயர்?

ஹார்ட்டின் போட்ட நாற்பது பேரும் ஒரு சாண் நீளம் தைத்துப் படம் போடுங்கள். முடிச்சு தெரியக்கூடாது, நூல்முனை பஞ்சுக்குள் மறையவேண்டும். அடிப்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.