ஆசிடோடு பிளீச்சிங் பவுடரா? கலக்காதீங்க

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. கக்கூஸ் கறை போகவில்லையா, ஆசிடில் பிளீச்சிங் பவுடரைக் கலந்து ஊற்று, மூக்கில் ஈரத்துண்டு கட்டு, நெடி ஏறினால் வெல்லம் தின்னு என்று. மூன்றுமே தப்புங்க.

கலந்ததும் கிளம்புவது குளோரின். 1915-ல், முதல் உலகப் போரில், ஜெர்மன் படை பெல்ஜியத்துப் போர்முனையில் திறந்துவிட்டது இதே வாயுதான். காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் காற்றோட்டமில்லாத கழிவறையில் தரையோடு தேங்கும், குனிந்து தேய்க்கிற அக்காவின் முகம் இருப்பதும் அங்கேதான். ஈரத்துண்டை நம்பி உள்ளேயே நிற்கக் கூடாது. வெல்லமோ வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்கு அல்ல. நெடி வந்தால் உடனே வெளியே வாங்க, கண் எரிந்தால் 15 நிமிஷமாவது தண்ணீர் விட்டுக் கழுவுங்க. இருமல் அடங்கிவிட்டதே என்று வீட்டில் போய்ப் படுத்துவிடவும் முடியாது, நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம், அதனால் டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

அப்புறம் அந்தக் குறிப்பின் கடைசி வரி: "கலந்தவரே பொறுப்பு". அதெப்படி? லேபிள் இல்லாத தண்ணி பாட்டிலில் ஆசிடை ஊற்றிக் கொடுத்து, கையுறைகூட வாங்கித் தராதவர் யார்? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-லேயே சேர்த்த 7ஏ பிரிவு, இந்த மாதிரிப் பொருளைப் பாதுகாப்பாகக் கையாள ஏற்பாடு செய்வதையும் பயிற்சி கொடுப்பதையும் ஆலையை நடத்துகிறவர் தலையில்தான் வைத்தது.