அப்பாவை எழுப்பிவிட்ட நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் ஒருவர் வீட்டில் நடந்ததைப் பற்றி "இதெல்லாம் ஒரு விஷயமா, விட்டுடு" என்று இதுவரை நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். என்னால் விட முடியவில்லை.

அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். மூட்டுவலியோடு படியேறி வந்த என் அப்பா, சுவரோரம் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயோ அங்கிள், அதுல உட்காராதீங்க, அது ஆன்டிக்!" என்று வீட்டுக்காரர்கள் எழுப்பிவிட்டார்கள். அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்தார். 76 வயது மனிதர், நாற்காலியில் உட்கார்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உட்கார முடியாத நாற்காலியை வீட்டுக்கு வாங்காதீர்கள்.

பழைய நாற்காலிகள் மேல் எனக்கு வெறுப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டில் இருக்கும் ஆறில் நான்கு பழையவை. பிடித்ததால்தான் இவ்வளவு கோபம். நானும் தப்பு செய்திருக்கிறேன். முதல் நாற்காலியைப் படத்தைப் பார்த்தே வாங்கினேன். செதுக்கு வேலையில் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. அளந்து பார்த்தேன், இருக்கை தரையிலிருந்து 38 செ.மீ. பெரியவர்கள் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழ 45 செ.மீ. பக்கத்தில் இருக்க வேண்டும். எப்போதோ கால்களின் அடி உளுத்துப்போய், யாரோ நான்கையும் அறுத்திருக்கிறார்கள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

அதனால் இப்போது முதலில் உட்காருவேன், அப்புறம் கவிழ்ப்பேன். அழகு மூன்றாவது. முதுகுச் சாய்வைப் பிடித்து இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பேன். இருக்கைச் சட்டம் பின்கால்களோடு சேரும் இடத்தைத் தடவிப் பார்ப்பேன், ஏனென்றால் பின்னால் சாய்ந்து சாய்ந்து உட்காரும்போது முதலில் விட்டுப்போவது அந்த மூட்டுதான். கழுந்து, அதாவது துளைக்குள் செருகியிருக்கும் மரமுனை, தளர்ந்திருந்தால் கவலையில்லை, மறுபடி ஒட்டலாம். ஆனால் அதே இடத்தில் ஆணி அடித்தோ இரும்புப் பட்டை வைத்தோ சமாளித்திருந்தால் வாங்க மாட்டேன். ஆணி மரத்தைப் பிளந்துவிடும். சிறு துளைகளிலிருந்து புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே வண்டு இன்னும் இருக்கிறது, அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. 150 வருடப் பழசு என்று சொல்லும் நாற்காலியில் கூட்டல் குறித் தலை திருகாணி இருந்தால், ஒன்று பிறகு பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லை வயது பொய். அந்தத் திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

"பழசு உடைஞ்சிடும், அதான் உட்கார விடல" என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். நல்ல பழைய நாற்காலி, பழுது பார்க்கவென்றே செய்தது போல இருக்கும். விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய அந்தக் காலத்து வச்சிரப் பசை சூடும் ஈரமும் பட்டால் இளகும். மூட்டைச் சேதமில்லாமல் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒட்டலாம். பிரம்பு தொய்ந்தால் புதிதாகப் பின்னலாம், அதனால் நாற்காலியின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. அரக்கு மெருகு மங்கினால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு கொடுக்கலாம். ஆவியில் வளைத்த மரத்தால் மிக்கேல் தோனெட் என்ற மரச்சாமான் தயாரிப்பாளர் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியை நினைத்துப் பாருங்கள். ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். காபி விடுதிகளில் நாள் முழுக்க ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்தது அதில்தான். உட்கார்ந்து உட்கார்ந்துதான் அது பெயர் வாங்கியது.

"அபூர்வமான பொருளைக் காப்பாத்த வேண்டாமா?" வேண்டும். அதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் கைப்பிடிக்குக் கைப்பிடி ஒரு கயிறு கட்டுங்கள், வருகிறவர்களுக்குப் புரியும். உட்கார்ந்த மனிதரை எழுப்பாதீர்கள்.

"என் காசு, என் நாற்காலி" என்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இன்னொருவர், எனக்கு மிக வேண்டியவர், "உனக்குப் பொறாமை" என்றார். அது நன்றாகவே வலித்தது. 100 வருடம் தாண்டினால் ஆன்டிக், அதற்குக் குறைந்தால் விண்டேஜ் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த வீட்டு நாற்காலிக்கு 90 இருந்தாலும் 110 இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அதன் கைப்பிடி முனையில் மெருகு தேய்ந்து வழுவழுவென்று இருந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ பேர் கையூன்றி எழுந்த தேய்மானம் அது. அந்தத் தேய்மானத்துக்குத்தானே விலை கொடுத்தார்கள்? அப்படியிருக்க என் அப்பாவின் கை மட்டும் அதில் படக் கூடாதா?

அப்பாவை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். முதுகுக்குச் சாய்வில்லை. ஒரு மணிநேரம் அப்படியே இருந்தார். நானும் எழுந்து வந்துவிடாமல் அங்கேயே இருந்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு பழைய கை நாற்காலி இருக்கிறது. இரண்டு முறை பிரம்பு மாற்றியாயிற்று, ஒரு கால் மறுபடி ஒட்டியது. பதினொரு வருடமாகக் காலையில் அப்பா பேப்பர் படிப்பது அதில்தான். ஞாயிறு இரவு வீட்டுக்குத் திரும்பியதும் அதன் பக்கத்தில் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல உட்காரலாமாப்பா?" என்று கேட்டார்.